15 நாள் கரண்ட் போதுமா?

வணக்கம் சார்,

என் அம்மாவுக்கு 61 வயது. மார்பில் இருந்த கட்டியை மட்டும் ஆபரேஷனில் எடுத்துவிட்டு இப்போது கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைக்கிறார்கள். மொத்தம் 15 நாள் என்றார்கள், நேற்றோடு 10 முடிந்தது. 2009-ல் எங்கள் பெரியம்மாவுக்கு இதே நோய்க்கு 25 நாள் வைத்தார்கள். காப்பீட்டு அட்டையில் பார்ப்பதால் நாளைக் குறைத்துவிட்டார்கள் என்று வீட்டில் ஆளாளுக்குச் சொல்கிறார்கள். அம்மாவோ, "போறேன், படுக்கிறேன், எந்திரிச்சு வர்றேன், சுடக்கூட இல்ல, இது வேலை செய்யுதா இல்லையா" என்று கேட்கிறார். ஃபைலில் 40 கிரே, 15 என்று மட்டும் எழுதியிருக்கிறது. டாக்டரிடம் கேட்கத் தயக்கமாக இருக்கிறது. நீங்கள் இந்த வேலையில் இருந்தவர் என்பதால் எழுதுகிறேன். என் பெயரைப் போட வேண்டாம்.

ஒரு வாசகி, திருநெல்வேலி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். கட்டியை மட்டும் எடுத்த மார்பகப் புற்றுக்கு 40 கிரேயை 15 தடவையாகக் கொடுப்பது இன்று பல நாடுகளில் வழக்கமாக இருக்கிற முறை. பணம் கட்டிப் பார்ப்பவர்களுக்கும் அதே 15 நாள்தான். அட்டைக்காரர்களுக்கு என்று தனிக் கணக்கு எதுவும் கிடையாது.

அம்மா கேட்ட கேள்வி நல்ல கேள்வி. நம் ஊரில் கரண்ட் என்று பேர் வைத்துவிட்டோம், அதனால் ஷாக் அடிக்கும், சுடும் என்று எதிர்பார்த்துத்தான் எல்லோரும் முதல் நாள் உள்ளே வருகிறார்கள். கிரே என்பது ஒரு கிலோ உடம்பில் ஒரு ஜூல் ஆற்றல் இறங்குவது. அம்மாவுக்குக் கொடுக்கும் 40 கிரேயையும் ஒரே மூச்சில் தண்ணீரில் இறக்கினால், அந்தத் தண்ணீர் ஒரு டிகிரியில் நூற்றில் ஒரு பங்குதான் சூடாகும். சூட்டில் எரிப்பதாக இருந்தால் இந்த மெஷினால் ஒன்றும் ஆகாது. கதிர் போய் அறுப்பது செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ. இழையை. இழை அறுந்த செல் அன்றைக்கே சாவதில்லை. பார்க்க நன்றாகவே இருக்கும், சாப்பிடும், வளரவும் செய்யும், ஆனால் இரண்டாகப் பிரியப் போகும்போது முடியாமல் போய்விடும்.

இதைக் கண்ணால் பார்க்க வைத்தவர்கள் அமெரிக்காவில் டென்வரில் இருந்த தியோடர் பக், ஃபிலிப் மார்கஸ் என்ற இருவர். 1950-களின் நடுவில் ஒரே ஒரு மனித செல்லைக் கண்ணாடித் தட்டில் தனியாகப் போட்டால் அது வளராது, துணை வேண்டும். அதற்காக எக்ஸ்ரே கொடுத்த செல்களை அடியில் விரித்து வைத்தார்கள், அவை உயிரோடு இருந்து துணையாக இருக்கும், ஆனால் பெருகாது. அதன்மேல் தனிச் செல்களைப் போட்டு அவை புள்ளி புள்ளியாகக் கூட்டமாவதை எண்ணினார்கள். 1956-ல் அதே முறையில், எவ்வளவு கதிருக்கு எத்தனை செல் பிழைக்கிறது என்ற வளைகோட்டை மனித செல்லுக்கு முதன்முதலாகப் போட்டார்கள். அந்தச் செல்கள் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணுடையவை. கருப்பை வாய்ப் புற்றுக்கு ரேடியம் வைத்தும் பலனில்லாமல் 1951-ல் 31 வயதில் பால்டிமோரில் இறந்துபோனவர். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்த செல்கள் அவை. அந்த வளைகோட்டைப் பாடமாகப் படித்த நாளில் எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை, பிற்பாடு தெரிந்தபோது மனசு கனத்துப்போனது.

சரி, நாள் கணக்குக்கு வருகிறேன். ஒரே நாளில் கொடுக்காமல் ஏன் பிரித்துக் கொடுக்கிறார்கள்? 1920-களில் பாரிஸில் க்ளோடியஸ் ரெகோ என்ற ஆராய்ச்சியாளர் செம்மறிக் கிடாக்களை வைத்துப் பார்த்தார். கிடாவை மலடாக்க விதையில் ஒரே தடவையாகக் கதிர் கொடுத்தால் மேல்தோல் வெந்து புண்ணாகிவிட்டது. அதையே பல நாளாகப் பிரித்துக் கொடுத்தபோது கிடா மலடானது, தோல் தப்பித்தது. ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும் விதைச் செல்லைப் புற்றுக்கு ஈடாகவும், தோலை நல்ல திசுவுக்கு ஈடாகவும் வைத்துப் பார்த்தால் மருத்துவம் புரிந்துவிடும். 1959-ல் எல்கைண்ட், சட்டன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் இதற்கான காரணத்தைச் செல்லிலேயே காட்டினார்கள்: இரண்டு டோஸுக்கு நடுவே சில மணி நேரம் விட்டால் செல் தன் காயத்தில் ஒரு பகுதியைச் சரிசெய்துகொள்கிறது.

நல்ல திசு இந்த இடைவெளியால் அதிகம் லாபம் அடைகிறது, பெரும்பாலான புற்றுகள் அவ்வளவு அடைவதில்லை. அதனால் ஒவ்வொரு நாளும் கொஞ்சமாக, 2 கிரே வீதம், பல நாள் கொடுப்பது வழக்கமானது. வாய், தொண்டைப் புற்றுக்கு இன்றும் 70 கிரேயை 35 தடவையாகக் கொடுக்கிறார்கள். (பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரின் நாள் கணக்கோடு அம்மாவின் கணக்கை ஒப்பிட வேண்டாம்.) மார்பகப் புற்று மட்டும் இந்த வழக்கத்துக்கு அடங்கவில்லை. ஒரு நாள் டோஸின் அளவை மாற்றினால் அதுவும் ஏறக்குறைய நல்ல திசு மாதிரியே நடந்துகொள்கிறது. அப்படியென்றால் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து வாரம் இழுப்பதில் லாபம் இல்லை, ஒரு நாளுக்குக் கொஞ்சம் கூட்டி, மொத்தத்தைக் குறைத்து, சீக்கிரம் முடிக்கலாம்.

இப்படி ஒரு யோசனை இருந்தால் மட்டும் போதாதே. பிரிட்டனில் 1999 முதல் 2,215 பெண்களை, யாருக்கு எது என்று யாரும் தேர்ந்தெடுக்காமல் குலுக்கல் மாதிரி பிரித்து, பாதிப் பேருக்கு 50 கிரே 25 தடவை, மீதிப் பேருக்கு 40 கிரே 15 தடவை கொடுத்தார்கள். 10 வருடம் விடாமல் பின்தொடர்ந்தார்கள். அந்தப் பக்கத்திலேயே நோய் திரும்பியது 25 தடவைக்காரர்களில் 5.5 சதவீதம், 15 தடவைக்காரர்களில் 4.3 சதவீதம். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடியதுதான், அதனால் 15 மேல் என்று சொல்ல முடியாது, ஆனால் குறைவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். மார்பு சுருங்குவது, வீங்குவது, தோலில் ரத்த நாளம் சிவப்பாகத் தெரிவது இதெல்லாம் 15-இல் குறைவாகவே இருந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஒரு முறையின் அளவை இன்னொரு முறையோடு ஒப்பிட நாங்கள் பயன்படுத்தும் சூத்திரத்தில் 40 கிரே 15 தடவையைப் போட்டுப் பார்த்தால், நாளுக்கு 2 கிரே என்ற பழைய முறையில் சுமார் 45 கிரேக்குச் சமம் என்றுதான் வரும், 50 வராது. காகிதத்தை மட்டும் நம்பியிருந்தால் 40-ஐக் கைவிட்டிருப்போம். நோயாளிகளிடம் அது 50-க்கு ஈடாக நின்றது. சிகிச்சை மூன்று வாரத்தில் முடிவதால் மிச்சமிருக்கும் செல்கள் பெருக நேரம் கிடைப்பதில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். எப்படியோ, அந்த 2,215 பேரின் பெயர்கூட நமக்குத் தெரியாது, உங்கள் அம்மா 10 நாள் பஸ் ஏறாமல் இருப்பது அவர்களால்தான். அப்புறம் 4,096 பேரிடம் இன்னொரு ஆய்வு நடந்தது, 26 கிரே, ஒரே வாரம், 5 தடவை. 2020-ல் முடிவு வந்தது, 15 தடவைக்கு அதுவும் சளைக்கவில்லை.

அந்த அறைக்குள் அம்மா பார்க்காத ஒன்றையும் சொல்கிறேன். காலையில் முதல் ஆள் வருவதற்கு முன்னால், அம்மா படுக்கும் அதே மேஜையில் பிளாஸ்டிக் பலகைகளை அடுக்கி, நடுவில் கதிரை அளக்கும் சுண்டுவிரல் அளவு சேம்பரைச் செருகி, கனமான கதவைச் சாத்திவிட்டு, அளவோடு கதிர் விட்டு எண்ணைப் படிப்போம். சேம்பருக்குள் இருப்பது சாதாரண அறைக் காற்று, 3 டிகிரி சூடு ஏறினாலே எண் 1 சதவீதம் குறைத்துக் காட்டும், அதனால் தெர்மாமீட்டரையும் காற்றழுத்தத்தையும் பார்த்துத் திருத்துவோம். இருக்க வேண்டிய எண்ணிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் நகர்ந்திருந்தால், வெளியே எத்தனை பேர் டோக்கனோடு உட்கார்ந்திருந்தாலும் காரணம் தெரியாமல் ஆரம்பிக்க மாட்டோம். 22 வருடம் என் காலைகள் இப்படித்தான் விடிந்தன.

பெரியம்மாவுக்கு 25 நாள் வைத்ததும் சரிதான். அந்த 2,215 பேர் ஆய்வின் முதல் முடிவுகள் வெளிவந்தது 2008-ல், அது ஊர் ஊராகப் போய்ச் சேர வருடங்கள் ஆயின.

டாக்டரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: 15 முடிந்ததும் கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கூடுதலாகச் சில நாள், பூஸ்ட் என்பார்கள், தேவைப்படுமா? சிலருக்குத் தேவைப்படும். முன்பே தெரிந்தால் அன்றைக்குப் பதற வேண்டியதில்லை. மார்பில் போட்டிருக்கும் மை கோடுகளைத் தேய்த்துக் குளிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு நாளும் விட வேண்டாம். தோல் சிவப்பதும் எரிவதும் வந்தால், முடிந்து ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் அதிகமாகும், அப்போது "முடிஞ்ச பிறகு ஏன் இப்படி" என்று அம்மா கேட்பார். அந்தக் கண்ணாடித் தட்டுச் செல்களின் கதையைச் சொல்லுங்கள், தோல் உரிந்தாலோ நீர் வடிந்தாலோ உடனே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

மீதி ஐந்து நாளும் முடிந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.