குளிரூட்டிய பிள்ளை நடக்குமா, பேசுமா? பெற்றோர் கேட்டவையும் பதில்களும்

பிறந்த நேரத்தில் மூளைக்கு ஆக்சிஜன் போதாமல், மூன்று நாள் குளிரூட்டும் சிகிச்சை பெற்ற குழந்தைகளின் குடும்பங்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பினாங்கில் பச்சிளங்குழந்தைப் பிரிவில் வேலை பார்த்த குழந்தை மருத்துவர் நான். உங்கள் பிள்ளையின் ஸ்கேனைப் பார்த்தவர் உங்கள் டாக்டர்தான், நான் இல்லை. அதை நினைவில் வைத்துப் படியுங்கள்.

செந்தூல், ஓர் அப்பா: மகளைக் குளிர்ப் படுக்கையில் வைத்து இது இரண்டாவது நாள். எதைக் கேட்டாலும் “இப்போது சொல்ல முடியாது” என்கிறார்கள். மறைக்கிறார்களா டாக்டர்?

இல்லை தம்பி, அவர்கள் சொல்வது உண்மை. உடல் சூட்டை 33.5 டிகிரிக்கு இறக்கி 72 மணி நேரம் வைக்கிறார்கள். பிறகு மணிக்கு அரை டிகிரிக்கு மேல் போகாமல் ஏற்றுவார்கள். இந்த நாள்களில் பிள்ளை துவண்டு கிடப்பதற்குக் காயம் மட்டும் காரணம் இல்லை. குளிரும், வலி தெரியாமல் இருக்கக் கொடுக்கும் மார்பினும், ஃபிட்ஸுக்கு (வலிப்புக்கு) கொடுக்கும் மருந்தும் சேர்ந்து அப்படிப் போட்டுவிடும். கையைத் தூக்கிப் பார்த்து, கண்ணைப் பார்த்து, பாதிப்பை மூன்று படியாகப் பிரிக்கும் சார்நாட் முறை 1976-இல் வந்தது. குளிரூட்டல் வழக்கத்துக்கு வந்ததோ அதற்குப் பல வருடங்கள் கழித்து. அதனால் குளிரிலும் மருந்திலும் கிடக்கும் பிள்ளைக்கு அதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது.

தலையில் ஒட்டியிருக்கும் மூளை அலைக் கருவியைக் கவனியுங்கள். குளிரூட்டாத காலத்தில் முதல் 6 மணி நேரத்து அலையே நிறையச் சொல்லிவிடும். குளிரூட்டிய பிள்ளைகளில் அந்த நேரத்து மோசமான அலையை வைத்து முடிவு கட்டக் கூடாது. நன்றாகத் தேறும் பிள்ளைக்குக்கூட அலை சீராக 36, 48 மணி நேரம் ஆகலாம். அதனால் நாளைக்கு மிஸியிடம் (தாதியிடம்) இரண்டே கேள்வி கேளுங்கள்: பின்னணி அலை சீரானதா? தூக்கமும் விழிப்பும் மாறி மாறி வர ஆரம்பித்துவிட்டதா? 48 மணி தாண்டியும் அலை எழும்பவில்லை என்றால் டாக்டரோடு உட்கார்ந்து பேச வேண்டிய நேரம் அது.

பட்டர்வொர்த், ஒரு பாட்டி: ஆப்கார் 2 என்று எழுதியிருக்கிறது. அவ்வளவுதானா?

இல்லம்மா. ஆப்கார் என்பது பிறந்ததும் மூச்சு, இதயத் துடிப்பு, நிறம் எல்லாம் பார்த்துப் பத்துக்குப் போடும் மார்க். முதல் நிமிட ஆப்கார், அந்த நேரத்தில் பிள்ளைக்கு எவ்வளவு உதவி தேவைப்பட்டது என்பதற்கான மார்க். எதிர்காலத்துக்குப் போட்ட மார்க் இல்லை. 10-ஆவது நிமிட மார்க்குக்குக் கொஞ்சம் கனம் உண்டு, ஆனால் அதுவும் தனியாகத் தீர்ப்புச் சொல்லாது.

செபெராங் ஜெயா, ஓர் அம்மா: எம்.ஆர்.ஐ. முடிவு வந்துவிட்டது. “பேசல் கேங்லியா, தாலமஸ்” என்று எழுதியிருக்கிறார்கள். வார்டில் பக்கத்துப் படுக்கைப் பிள்ளைக்கு வேறு இடமாம். எந்த இடம் என்பது அவ்வளவு முக்கியமா?

மிக முக்கியம். என்னைக் கேட்டால், “எத்தனை சதவீதம்” என்று கேட்பதை விட “எந்த இடம்” என்று கேட்பதே பயன்.

தாலமஸும் பேசல் கேங்லியாவும் மூளையின் நடு ஆழத்தில் இருப்பவை. திடீரென்று, முழுமையாக ஆக்சிஜன் நின்றுபோனால் முதலில் அடிபடுவது இவைதான். தொப்புள்கொடி வெளியே சரிவது, கருப்பை கிழிவது போன்ற அவசரங்களில் இப்படி நடக்கும். இவற்றுக்கு நடுவே, மூளையிலிருந்து கை கால்களுக்கு ஆணை இறங்கும் நரம்புப் பாதை ஒன்று ஓடுகிறது. நிறைமாதக் குழந்தைக்கு அங்கே மைலின் என்னும் நரம்பு உறை படிய ஆரம்பித்திருக்கும், ஸ்கேனில் அது தனியாகத் தெரியும். “அந்தப் பாதையின் சிக்னல் சரியாக இருக்கிறதா?” என்று கேளுங்கள். சரியாக இருந்தால் நடையைப் பற்றி நம்பிக்கையோடு பேசலாம். அது மறைந்துபோயிருந்தால் பெருமூளை வாதம், அதாவது மூளைக் காயத்தால் கை கால் அசைவு பாதிக்கப்படும் நிலை, வரும் வாய்ப்பு அதிகம். விழுங்குவதிலும் சிரமம் வரலாம்.

பக்கத்துப் பிள்ளைக்கு இரத்தக் குழாய்களின் எல்லைப் பகுதியில் காயம் இருந்திருக்கலாம். ஆக்சிஜன் பல மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தால், வாய்க்கால் தண்ணீர் கடைமடைக்கு எட்டாததுபோல, அந்தப் பகுதிதான் முதலில் காய்கிறது. அந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் நடந்துவிடுவார்கள். பேச்சு, கவனம், படிப்பு, பார்வை ஆகியவற்றில்தான் பிறகு தடை தெரியும்.

ஸ்கேன் எந்த நாளில் எடுத்தது என்றும் பாருங்கள். சூடேற்றிய பிறகு, பிறந்த 4-ஆவது நாளுக்கும் 7-ஆவது நாளுக்கும் இடையே எடுத்தால் படம் தெளிவாக இருக்கும். கூடவே ஸ்பெக்ட்ரோஸ்கோபி செய்து தாலமஸில் உள்ள வேதிப்பொருள்களையும் அளந்தால் கணிப்பு இன்னும் உறுதியாகும். எல்லா ஆஸ்பத்திரியிலும் அந்த வசதி இல்லை.

கிள்ளான், ஒரு மாமா: சென்னையில் இருக்கும் சொந்தக்காரர், குளிரூட்டினால் பிள்ளை இறந்துபோகும் என்று ஆராய்ச்சியே வந்துவிட்டது என்கிறார்.

அவர் சொல்வது ஹீலிக்ஸ் ஆய்வு, 2021-இல் வெளியானது. இந்தியா, இலங்கை, வங்காளதேசம் ஆகிய நாடுகளின் ஆஸ்பத்திரிகளில் 408 குழந்தைகள். குளிரூட்டியதால் இறப்பும் ஊனமும் சேர்ந்து குறையவில்லை, இறப்பு கூடியது. அதை மூடி மறைக்க முடியாது, எங்களையே அது உலுக்கியது. ஆனால் முந்தைய 11 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2013 தொகுப்பில், 7 பிள்ளைகளைக் குளிரூட்டினால் ஒருவரை இறப்பிலிருந்தோ பெரிய ஊனத்திலிருந்தோ காப்பாற்றலாம் என்று வந்தது. 2005-இல் வந்த அமெரிக்க ஆய்வில் குளிரூட்டாதவர்களில் 62% பேருக்கு இறப்போ ஊனமோ நேர்ந்தது, குளிரூட்டியவர்களில் 44%. எங்கே, எப்போது அடிபட்ட பிள்ளை, எந்த வசதியுள்ள வார்டு என்பதெல்லாம் சேர்ந்துதான் பலன். முடிந்துபோன சிகிச்சையைப் பற்றி இப்போது பிள்ளையின் அம்மாவின் காதில் போடாதீர்கள்.

பிரிக்பீல்ட்ஸ், ஓர் அம்மா: மகனுக்கு மூன்று மாதம். அசைவை வீடியோ எடுக்கச் சொல்கிறார் ஃபிசியோ. அதில் என்ன தெரியும்?

நிறையத் தெரியும். மூன்றிலிருந்து ஐந்து மாதத்துக்குள் நலமாக இருக்கும் பிள்ளைக்கு கழுத்து, மணிக்கட்டு, கணுக்கால் எல்லாம் சின்னச் சின்னதாகச் சுழன்று நெளியும். அந்த நெளிவு அறவே இல்லை என்றால் பெருமூளை வாதத்துக்கான வலுவான அறிகுறி. ஸ்கேனோடும் ஹாமர்ஸ்மித் நரம்புப் பரிசோதனையோடும் சேர்த்துப் பார்த்தால், ஐந்து மாதத்துக்கு முன்பே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

பால் குடித்து, விழித்து, அழாமல் இருக்கும்போது எடுங்கள். மல்லாக்கப் படுக்க வைத்து, கை கால் தெரியும்படி, மூன்று நிமிடம் போதும். பொம்மை, சூப்பான் வேண்டாம், பெயர் சொல்லிக் கூப்பிடவும் வேண்டாம். தாத்தா எதிரே நின்று கைதட்டினால் வீடியோ வீண்.

பிறை, ஓர் அப்பா: இரண்டு வயது ஆகிவிட்டது, ஓடுகிறாள், பேசுகிறாள். இனி கிளினிக்குக்குப் போக வேண்டுமா?

சந்தோஷம். போங்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 6 முதல் 8 வயதுப் பிள்ளைகளைப் பார்த்தார்கள். குளிரூட்டப்பட்டு, பெருமூளை வாதம் இல்லாமல் தப்பியவர்களுக்கும் சராசரி அறிவுத்திறன் மதிப்பெண் சகவயதினரை விடக் குறைவாக இருந்தது. பாலர் பள்ளி ஆசிரியரிடம் கவனத்தையும் கை வேலையையும் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு சேர்ப்பதற்கு முன் ஒரு முறை முழு மதிப்பீடு செய்யுங்கள். காது, கண் சோதனையும் தவறக் கூடாது.

புக்கிட் மெர்தாஜாம், ஓர் அம்மா: எட்டு மாத மகனுக்குக் கால் விறைப்பு. குளிப்பாட்ட வரும் பாட்டி எண்ணெய் போட்டு உருவினால் சரியாகும் என்கிறார். செய்யலாமா?

எண்ணெய் தடவலாம், பிள்ளைக்குச் சுகம். மூட்டைப் பிடித்து இழுத்து நீட்டுவது, மடக்கி அழுத்துவது கூடாது. விறைப்பு மூளையிலிருந்து வருகிறது, காலை உருவிப் போக்க முடியாது. ஃபிசியோவைத் தள்ளிப்போடாதீர்கள். பி.டி.கே. என்னும் சமூக மறுவாழ்வு நிலையத்திலும் விசாரியுங்கள். டாக்டர் உறுதி செய்தால் ஓ.கே.யூ. (மாற்றுத்திறனாளி) அட்டைக்கு விண்ணப்பிக்கலாம், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அடுத்த ஃபிசியோவுக்கு அந்தப் பாட்டியையும் கூட்டிப்போங்கள். தினமும் பிள்ளையைத் தூக்குகிறவர் அவர், எப்படித் தூக்குவது என்று அவருக்கே காட்டச் சொல்லுங்கள்.