வேலை முடிந்தும் இறங்காத பாரம்: மன அழுத்தம் குறித்து வாசகர் கேள்விகள்

கேள்வி: எனக்கு வயது 42. சில மாதங்களாகப் படபடப்பும் கழுத்துவலியும் இருக்கின்றன. ஈசிஜி, தைராய்டு, சர்க்கரை என எல்லாப் பரிசோதனைகளும் செய்தாகிவிட்டது. எல்லாம் சரியாக இருப்பதாகவும், டென்ஷனைக் குறைத்துக்கொள்ளும்படியும் சொல்லி மருத்துவர் அனுப்பிவிட்டார். உடம்பில் ஒன்றுமில்லை என்றால் இந்த வலியெல்லாம் என் கற்பனையா?

பதில்: நிச்சயமாகக் கற்பனை அல்ல. பரிசோதனை முடிவுகள் சரியாக இருக்கின்றன என்றால், அந்த உறுப்புகளில் நோய் தென்படவில்லை என்றுதான் பொருள். அவை அமைதியாக இயங்குகின்றன என்று பொருளல்ல. ஏதோ ஆபத்து என்று மூளை கணித்த சில நொடிகளிலேயே அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கலக்கின்றன. இதயத் துடிப்பு கூடுகிறது, தசைகள் இறுகுகின்றன, செரிமானம் மந்தமாகிறது. எதிர்த்து நிற்பதற்கோ தப்பி ஓடுவதற்கோ உடல் செய்துகொள்ளும் இந்த ஆயத்தத்தை அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே விவரித்திருக்கிறார். இதைத் தொடர்ந்து மூளையிலுள்ள ஹைப்போதலாமஸும் பிட்யூட்டரி சுரப்பியும் கொடுக்கும் சமிக்ஞையால் கார்ட்டிசால் சுரக்கிறது. அது இரத்தத்தில் உச்சத்தை எட்டவே ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். அடங்குவதற்கு இன்னும் நேரம் பிடிக்கும். வாக்குவாதம் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டாலும் உடம்பு உடனே சமாதானமாகிவிடாததற்கு இதுவே காரணம்.

ஓடித் தப்பிக்கக்கூடிய ஆபத்தாக இருந்தால் இந்த ஏற்பாடு கச்சிதமானது. ஆனால் நம்மைத் துரத்தும் கடன் தவணைக்கும், பதில் வராத மின்னஞ்சலுக்கும், வீட்டில் நீண்ட நாள் படுத்திருக்கும் நோயாளிக்கும் எந்தத் திசையில் ஓடுவது? எலிகளை வைத்து ஆய்வு செய்த ஹான்ஸ் செல்யே, குளிர், காயம், அளவுக்கு மீறிய உழைப்பு என இன்னல் எதுவாக இருந்தாலும் அவற்றின் உடலில் ஏறக்குறைய ஒரே வகை மாற்றங்கள் தோன்றுவதை 1936இல் அறிவித்தார். அட்ரினல் சுரப்பிகள் பருத்திருந்தன. இரைப்பையில் புண்கள் உண்டாகியிருந்தன. ஆக, கெடுதல் செய்வது பதற்றம் வருவது அல்ல, வந்த பதற்றம் அடங்காமல் நீடிப்பதுதான்.

இதைப் படிக்கும் இந்த நேரத்தில் உங்கள் தோள்கள் காதுகளை நோக்கி ஏறியிருக்கின்றனவா, மேல்பற்களும் கீழ்ப்பற்களும் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருக்கின்றனவா என்று சற்றுக் கவனியுங்கள். உங்கள் கழுத்துவலிக்குப் பெரும்பாலும் இதுவே விளக்கமாக இருக்கும். ஒவ்வொரு தசைக் கூட்டத்தையும் ஐந்து நொடிகள் இறுக்கிப் பிடித்து, பிறகு முழுவதுமாகத் தளரவிடும் முறையை எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற மருத்துவர் 1920களில் உருவாக்கினார். தோள், தாடை, கை விரல்கள் ஆகிய மூன்றிலிருந்து நீங்கள் தொடங்கலாம்.

கேள்வி: என் மேலதிகாரிக்கு என்னைவிட இரண்டு மடங்கு வேலை. ஆனாலும் அவர் நிம்மதியாக இருக்கிறார். மாலையில் நொந்துபோய் வீடு திரும்புவது நான்தான். எனக்கு மனவலிமை குறைவு என்று கணவர் சொல்கிறார். அது உண்மையா?

பதில்: தங்கள் கணவரின் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. வேலையின் அளவை மட்டும் வைத்து அழுத்தத்தை அளக்க முடியாது. அந்த வேலையில் நம் கை எவ்வளவு ஓங்கியிருக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற இரு உளவியலாளர்கள், திடீர் திடீரென்று எழும் பேரிரைச்சலுக்கு நடுவே சிலரை வேலை செய்ய வைத்தனர். அவர்களில் ஒரு பிரிவினரிடம் மட்டும், தாங்க முடியாவிட்டால் இந்தப் பொத்தானை அழுத்தி இரைச்சலை நிறுத்தலாம், ஆனால் அழுத்தாமல் இருந்தால் நல்லது என்று சொல்லப்பட்டது. அவர்கள் பொத்தானைத் தொடவில்லை. இரு பிரிவினரும் கேட்டது அதே இரைச்சலைத்தான். இருந்தும், பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவர்கள் பின்னர் கொடுக்கப்பட்ட கடினமான புதிர்களில் அதிக நேரம் தளராமல் முயன்றனர். பிழைதிருத்தும் வேலையிலும் குறைவாகவே தவறு செய்தனர்.

பிரிட்டன் அரசு ஊழியர்களிடம் 1967இல் தொடங்கிய ஒயிட்ஹால் ஆய்வும் இதே திசையைத்தான் காட்டியது. பொறுப்புகள் மிகுந்த உயரதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியர்களே இதய நோயால் அதிகம் இறந்தனர்; புகைபிடித்தல், இரத்த அழுத்தம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வேறுபாடு முற்றிலும் மறையவில்லை. 1985இல் தொடங்கிய இரண்டாம் ஆய்வில், தம் வேலையின் மீது தமக்குக் கட்டுப்பாடு இல்லாத நிலைக்கும் இதய நோய்க்கும் தொடர்பு இருப்பது தெரியவந்தது. மேலதிகாரிக்குத்தான் டென்ஷன் அதிகம் என்ற பேச்சைப் பரப்பியவர்கள் மேலதிகாரிகளாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அலுவலகத்தையே மாற்றியமைப்பது தங்களால் ஆகக்கூடியது அல்ல. ஆனால் ஒரு நாளில் எந்த வேலையை முதலில் எடுப்பது, செய்திகளை எந்த நேரங்களில் மட்டும் பார்ப்பது என்பன போன்ற சிறிய முடிவுகளில் எவையெல்லாம் தங்கள் கையில் உள்ளன என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். அவசரம் என்று ஒரு வேலை வரும்போது, “இதைச் செய்கிறேன், அப்படியானால் கையிலிருக்கும் அறிக்கை நாளைக்குத்தான் முடியும், பரவாயில்லையா?” என்று அமைதியாகக் கேட்டுவிடுங்கள். இது மறுப்பல்ல, எது முந்த வேண்டும் என்று சொல்லும் பொறுப்பை, அதற்கு உரியவரிடமே ஒப்படைப்பது. இதற்கும் இடம் கொடாத அலுவலகம் என்றால், குறையைத் தங்களிடம் தேடிப் பயனில்லை.

கேள்வி: படுத்தவுடன் நாளைய வேலைகள் எல்லாம் வரிசைகட்டி வந்து நிற்கின்றன. தூக்கம் வருவதே இல்லை.

பதில்: அவற்றைத் தலையில் வைத்திருக்காமல் தாளில் இறக்கி வையுங்கள். 2018இல் வெளியான ஓர் ஆய்வில், படுக்கும் முன் ஐந்து நிமிடம் நாளைய வேலைகளை எழுதியவர்கள், முடிந்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சுமார் ஒன்பது நிமிடம் முன்னதாகவே உறங்கிவிட்டனர். பட்டியல் விவரமாக இருக்க இருக்க உறக்கமும் விரைவாக வந்தது. எனவே “வங்கி வேலை” என்று மொட்டையாக எழுதாமல், “காலை பத்து மணிக்கு வங்கிக்குத் தொலைபேசியில் பேசி, கணக்கு அறிக்கை கேட்க வேண்டும்” என்று எழுதுங்கள். இதைப் படுக்கையில் அமர்ந்து செய்யாதீர்கள், கைபேசியிலும் வேண்டாம். மாலைக்குப் பிறகு காபியைத் தவிர்ப்பதும் நல்லது, ஏனெனில் குடித்த கஃபீனில் பாதி உடலை விட்டு நீங்கவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகிறது.

கேள்வி: மூச்சுப் பயிற்சி செய்தால் மனம் அமைதியாகும் என்கிறார்கள். எனக்கோ தலைசுற்றலும் விரல்களில் மரமரப்பும்தான் வருகின்றன. எனக்கு மட்டும் ஏன் இப்படி?

பதில்: நீங்கள் ஆழமாக மூச்சு விடுவதாக நினைத்து வேகமாகவும் மிகையாகவும் விடுகிறீர்கள் என்று கருதுகிறேன். அப்போது இரத்தத்தில் கரியமில வாயுவின் அளவு குறைகிறது. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. தலைசுற்றல், மரமரப்பு எல்லாம் அதன் விளைவே. மூச்சை உள்ளிழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று விரைவதும், வெளிவிடும்போது சற்று மெதுவாவதும் இயல்பு. ஆகவே, வெளிமூச்சை நீட்டுவதில்தான் கவனம் இருக்க வேண்டும். வழக்கமான அளவிலேயே மூக்கின் வழியாக நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல விடுங்கள்; நிமிடத்திற்கு ஆறு மூச்சு என்ற கணக்கு வரும். மார்பை விரிக்க வேண்டியதில்லை. வயிறு மெல்ல உயர்ந்து தாழ்ந்தால் போதும். அப்போதும் தலைசுற்றினால் பயிற்சியை நிறுத்திவிட்டுச் சற்று நடந்துவிட்டு வாருங்கள். அதுவும் இதே வேலையைச் செய்யும்.

கேள்வி: எந்தக் கட்டத்தில் மருத்துவரிடம் போக வேண்டும்? மாத்திரை எடுத்தால் அதற்கு அடிமையாகிவிடுவோமா?

பதில்: சோர்வோ பதற்றமோ இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்து, உறக்கம், பசி, வேலை, உறவுகள் ஆகியவற்றைப் பாதித்தால் தயங்காமல் செல்லுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம்; அன்றே ஒருவரிடம் சொல்லி, மருத்துவரையும் பாருங்கள். நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவி வியர்த்துக் கொட்டினால், டென்ஷன் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளாமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படுவதில்லை; பலருக்கு உளவியல் ஆலோசனையே போதும். மாத்திரைகளும் ஒரே வகை அல்ல. பதற்றத்தை உடனே தணிக்கும் சில மருந்துகளை நீண்ட காலம் எடுத்தால் உடல் அவற்றுக்குப் பழகிப்போகும் என்பதால், மருத்துவர்கள் அவற்றைக் குறுகிய காலத்திற்கே தருவார்கள். மனச்சோர்வுக்குத் தரும் மருந்துகள் அத்தகைய அடிமைத்தனத்தை உண்டாக்குபவை அல்ல. ஆனால் அவை வேலை செய்யத் தொடங்கச் சில வாரங்கள் ஆகும் என்பதோடு, திடீரென்று நிறுத்தவும் கூடாது. உறவினருக்கு எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையில் பாதியை வாங்கி விழுங்கிப் பார்க்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அதை மட்டும் செய்யாதீர்கள்.