ஏரி சுருங்கியதா, ஆகாயத்தாமரை மூடியதா?

கேள்வி: எங்கள் ஊர் ஏரி செயற்கைக்கோள் படத்தில் பாதியாகச் சுருங்கித் தெரிகிறது. கரையில் நின்று பார்த்தால் தண்ணீர் இருக்கிறது. எதை நம்புவது?
- ஒரு விவசாயி, குறிஞ்சிப்பாடி

பதில்: கரையை நம்புங்கள் ஐயா. வில்லியனூர்ப் பக்கம் ஓர் ஏரியில் எனக்கும் இதே குழப்பம் வந்தது. படத்தைப் பார்த்துப் பதறிப்போய் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஏரி குறையவில்லை, கரையோரம் முழுக்க ஆகாயத்தாமரை!

தண்ணீர் அகச்சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். படத்தில் கறுப்பாக விழும். பச்சை இலையோ அதே ஒளியைப் பளிச்சென்று திருப்பி அனுப்பும். இலை மூடிய தண்ணீரைக் கணினி நிலம் என்றே கணக்கெழுதும். ஆகவே தண்ணீர்ப் பரப்போடு பச்சைப் பரப்பையும் சேர்த்துப் பாருங்கள். கோடையில் ஏரிக்குள் திடீரென்று பச்சை கூடினால் எனக்கு முதல் சந்தேகம் ஆகாயத்தாமரை மேல்தான். அப்புறம் நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும்.

ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் 5 நாளுக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கின்றன; படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர். சின்னக் குட்டைக்கு அது போதாது, உங்கள் ஏரிக்குப் போதும். பழைய நிலவரத்துக்கு 1972-இல் தொடங்கிய அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மறைக்கும். அப்போது மேகத்தை ஊடுருவும் சென்டினல்-1 ரேடார் படம்தான் கைகொடுக்கும்.

ஆழத்தை மட்டும் இந்தப் படங்களில் தேடாதீர்கள். மதகடி அளவுகோலில் லஸ்கர் (மதகைப் பார்த்துக்கொள்ளும் பணியாளர்) பார்த்துக் குறிக்கும் அளவை, படம் எடுத்த அதே தேதிக்குக் கேட்டு வாங்கி, பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.