கணினி கேள்வி–பதில்: வீட்டுக்குள் கோப்பும் பிரிண்டரும்

கேள்வி: எங்கள் வீட்டில் ஒரு மேசைக் கணினியும் இரண்டு மடிக்கணினிகளும் இருக்கின்றன. மூன்றிலும் விண்டோஸ், மூன்றுக்கும் ஒரே வைஃபை. மேசைக் கணினியில் ஒரு கோப்புறையைப் பகிர்ந்து வைத்தும் மற்ற இரண்டிலும் அது தெரியவில்லை. முன்பு பயன்படுத்திய ஹோம்குரூப்பையும் காணவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: ஹோம்குரூப்பைத் தேட வேண்டாம். வீட்டுக் கணினிகளை ஒரு குழுவாக்கிப் பகிர்வை எளிதாக்க விண்டோஸ் 7-உடன் வந்த அந்த வசதியை மைக்ரோசாஃப்ட் 2018-இல், விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பில் எடுத்துவிட்டது. ஆனால் கணினிகளுக்கிடையே கோப்புகளைக் கொண்டுசெல்லும் எஸ்.எம்.பி. என்னும் நெறிமுறை அதற்கு முன்பும் இருந்தது, இன்றும் இருக்கிறது. நமக்கு வேண்டியது அதுதான்.

முதலில் மூன்று கணினிகளிலும் வைஃபையின் பண்புகளைத் திறந்து, அந்த நெட்வொர்க் 'பப்ளிக்' என்று குறிக்கப்பட்டிருக்கிறதா, 'பிரைவேட்' என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தான் இருப்பது வீட்டிலா, ரயில் நிலையத்து இலவச வைஃபையிலா என்பது விண்டோஸுக்குத் தானாகத் தெரியாது. நாம் சொல்லாதவரை அது பெரும்பாலும் பொது இடம் என்றே எடுத்துக்கொண்டு, தன்னைப் பிற கணினிகளின் கண்ணில் படாமல் மறைத்துக்கொள்கிறது. 'பிரைவேட்' என்று மாற்றி, மேம்பட்ட பகிர்வு அமைப்புகளில் நெட்வொர்க் டிஸ்கவரியையும் (கணினிகள் ஒன்றையொன்று கண்டுகொள்ளும் வசதி) கோப்பு, பிரிண்டர் பகிர்வையும் இயக்குங்கள்.

அதன் பிறகும் தெரியவில்லை என்றால் உடனே எல்லாவற்றையும் மாற்றத் தொடங்காமல் ஒரு சோதனை செய்யுங்கள். மேசைக் கணினியின் ஐ.பி. முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண், 192.168.1.5 என்று வைத்துக்கொள்வோம். மடிக்கணினியில் ஃபைல் எக்ஸ்புளோரரின் முகவரிப் பட்டையில் \\192.168.1.5 என்று தட்டி என்டரை அழுத்துங்கள். கோப்புறை திறந்தாலோ, பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு ஒரு பெட்டி வந்தாலோ, கணினிகள் ஒன்றையொன்று எட்டுகின்றன. பட்டியலில் பெயரைக் காட்டும் வேலைதான் நடக்கவில்லை என்று பொருள். 'நெட்வொர்க்' பட்டியலில் தெரிவது வேறு, கோப்பு கிடைப்பது வேறு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அப்படியானால் அந்தக் கோப்புறையை மடிக்கணினியில் ஒரு டிரைவ் எழுத்தாக (Z: என்பதுபோல) நிரந்தரமாக இணைத்துக்கொள்ளுங்கள். பட்டியலைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

எதுவுமே திறக்கவில்லையா? எல்லாக் கணினிகளின் ஐ.பி. முகவரிகளையும் ஒப்பிடுங்கள். ஒன்று 192.168.1 என்றும் மற்றொன்று 192.168.0 என்றும் தொடங்கினால், வீட்டில் இரண்டு ரூட்டர்கள் இரண்டு தனித்தனி நெட்வொர்க்குகளை நடத்துகின்றன. மாடி அறைக்குச் சிக்னல் போதவில்லை என்று வாங்கி வைத்த இரண்டாவது ரூட்டரே பெரும்பாலும் காரணமாக இருக்கும். அதை, தனி நெட்வொர்க் நடத்தாமல் வைஃபையை மட்டும் நீட்டித்துத் தரும் 'அக்சஸ் பாயின்ட்' முறைக்கு மாற்றினால் எல்லாம் ஒரே நெட்வொர்க்கில் சேர்ந்துவிடும். மடிக்கணினி விருந்தினர் வைஃபையில் இணைந்திருந்தாலும் மற்றவற்றைப் பார்க்க முடியாது. விருந்தினர் இணைப்பின் நோக்கமே அதுதான்.

கேள்வி: பகிர்ந்த கோப்புறை தெரிகிறது, ஆனால் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிறது. தினமும் கணினியைத் திறக்கும் எண்ணைக் கொடுத்தால் தவறு என்கிறது. கடவுச்சொல் பாதுகாப்பையே அணைத்துவிடும்படி நண்பர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். நீங்கள் கொடுப்பது பின் எண். அது அந்த ஒரு கணினியின் முன்னால் உட்கார்ந்து திறப்பதற்கு மட்டுமே உரியது, நெட்வொர்க் வழியாக அது செல்லாது. கணக்கின் உண்மையான கடவுச்சொல்லைத்தான் கேட்கிறார்கள். கடவுச்சொல்லே இல்லாத கணக்கையும் விண்டோஸ் வெளியிலிருந்து உள்ளே விடாது.

இதற்கு நான் பரிந்துரைக்கும் வழி, கோப்புறை இருக்கும் கணினியில் பகிர்வுக்கென்றே தனியாக ஓர் உள்ளூர் கணக்கை (அந்தக் கணினிக்கு மட்டும் உரிய கணக்கு) உருவாக்கி, அதற்கு நல்ல கடவுச்சொல் வைத்து, வேண்டிய கோப்புறைக்கு மட்டும் அந்தக் கணக்குக்கு அனுமதி கொடுப்பதுதான். அனுமதி இரண்டு இடங்களில் இருக்கிறது: பகிர்வுத் தாவலில் ஒன்று, பாதுகாப்புத் தாவலில் ஒன்று. இரண்டில் எது குறைவோ அதுவே செல்லுபடியாகும். 'எல்லா அனுமதியும் கொடுத்துவிட்டேன், ஆனாலும் எழுத முடியவில்லை' என்பவர்கள் இரண்டாவது தாவலைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2017 மே மாதம் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை என்னும் தீநிரல், எஸ்.எம்.பி.யின் முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகவே கணினி விட்டுக் கணினி பரவியது. அதை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தும், நிறுவாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். ஆகவே பழைய கருவி எதற்காகவாவது அந்த முதல் பதிப்பை மீண்டும் இயக்கும்படி யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். குடும்பப் படங்கள் இருக்கும் கோப்புறைக்குப் படிக்கும் அனுமதி மட்டும் போதும். எழுதும் அனுமதி இருந்தால், ஒரு மடிக்கணினியில் புகுந்த தீநிரல் அந்தப் படங்களையும் பூட்டிவிடும்.

கேள்வி: யு.எஸ்.பி. பிரிண்டரை மேசைக் கணினியில் இணைத்துப் பகிர்ந்திருக்கிறோம். சில நாள் மடிக்கணினியிலிருந்து அச்சாகிறது, சில நாள் 'ஆஃப்லைன்' என்கிறது. ஸ்கேன் செய்யவே முடியவில்லை.

பதில்: இப்படிப் பகிர்ந்த பிரிண்டர், மேசைக் கணினி விழித்திருக்கும் வரைதான் மற்றவர்களுக்குக் கிடைக்கும். அது உறக்க நிலைக்குப் போனவுடன் நீங்கள் அனுப்பிய பக்கம் வரிசையில் காத்துக்கிடக்கும். மேலும், விண்டோஸின் பிரிண்டர் பகிர்வு அச்சிடுவதை மட்டுமே பகிர்கிறது. ஸ்கேனர் அதில் சேராது.

பிரிண்டரில் வைஃபையோ நெட்வொர்க் கேபிள் துளையோ இருந்தால், யு.எஸ்.பி.யைக் கழற்றிவிட்டு அதை நேராக ரூட்டரோடு இணைத்துவிடுங்கள். எந்தக் கணினியும் விழித்திருக்க வேண்டியதில்லை. பிரிண்டரின் மென்பொருளை நிறுவினால் ஸ்கேனும் பெரும்பாலும் வந்துவிடும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ரூட்டர் கொடுக்கும் முகவரி மாறக்கூடியது. ஒருமுறை என் வீட்டில் மின்சாரம் போய் வந்த பின் பிரிண்டர் அடியோடு ஆஃப்லைன் ஆகிவிட்டது. டிரைவரை (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) இருமுறை நீக்கி நிறுவிய பிறகுதான் பிரிண்டரின் சிறு திரையைப் பார்த்தேன். கணினி 192.168.1.7-ஐத் தேடிக்கொண்டிருக்க, பிரிண்டரோ 192.168.1.12-இல் இருந்தது. ரூட்டரின் அமைப்புகளில் பிரிண்டருக்கென ஒரு முகவரியை ஒதுக்கி வைத்தேன். அந்தத் தொல்லை அதன் பிறகு வரவில்லை.

கேள்வி: 40 ஜி.பி. காணொளிகளை வீட்டுக்குள்ளேயே கேபிள் வழியாக நகலெடுக்க ஒரு மணி நேரம் ஆகிறது. இணைய வேகத்தைக் கூட்டினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. வீட்டுக்குள் நடக்கும் நகலெடுப்புக்கும் இணைய வேகத்துக்கும் தொடர்பில்லை. உங்கள் கணக்குப்படி இணைப்பு 100 மெகாபிட்டில் ஓடுகிறது. எட்டு பிட் சேர்ந்ததே ஒரு பைட் என்பதால், அதில் நொடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட்தான் போகும். கிகாபிட் (1000 மெகாபிட்) இணைப்பில் அது 125 மெகாபைட் வரை போகலாம். வட்டும் ஈடுகொடுத்தால் ஆறேழு நிமிடத்தில் வேலை முடியும். ரூட்டரும் கணினிகளும் கிகாபிட் வகை என்றால் கேபிளைச் சந்தேகியுங்கள். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடிக் கம்பிகள் போதும், கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். 100-க்குத் தேவைப்படாத ஜோடிகளில் ஒரு கம்பி அறுந்திருந்தாலும் இணைப்பு சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி, மற்றபடி ஒழுங்காக ஓடுவதுபோலவே தோன்றும். வேறொரு கேபிளை மாட்டி, விண்டோஸில் இணைப்பின் வேகம் 1000 என்று காட்டுகிறதா என்று பாருங்கள்.