முதலில் கழுத்தைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு 49 வயது. கரண்ட் இல்லாத தொண்ணூறுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து அண்ணா பெடலைச் சுற்ற, டைனமோவில் கசற் போட்டுப் பாட்டுக் கேட்டு வளர்ந்தவன். பிளாக் சபாத், குயீன், ஜிமி ஹென்ட்ரிக்ஸ் என்ற றொக் ஆட்கள் எல்லாம் அப்படித்தான் காதுக்குள் வந்தார்கள். எலெக்ட்ரிக் கிற்றார் ஒன்று வாங்க வேண்டும் என்பது அன்றிலிருந்தே உள்ள ஆசை. இப்போது பிள்ளைகள் படித்து முடித்துவிட்டார்கள். கையில் ஒன்றரை லட்சம் ரூபாய் சேர்த்திருக்கிறேன். எந்தக் கம்பனியுடையதை வாங்கலாம்? கனடாவில் இருக்கும் மச்சான் தன்னுடைய அம்பை (கிற்றாரை மாட்டும் ஒலிபெருக்கியை) அனுப்புகிறேன் என்கிறார், வாங்கலாமா? இந்த வயதில் விரல் ஒத்துழைக்குமா?
– சுன்னாகம் வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். நானும் டைனமோக் காலத்துப் பிள்ளைதான். சுற்றுகிற கை களைத்தால் பாடகரின் குரல் இழுபடும். வேறொருவர் வந்து சுற்றத் தொடங்கியதும் பாட்டு ஓட்டம் பிடிக்கும். என் காதில் முதலில் விழுந்த கிற்றார் இளையராஜாவினது. றொக் பிறகுதான் வந்தது, ஆனால் வந்தது போகவேயில்லை. முப்பது வருடமாக வாசிக்கிறேன். மேடைக்கென்று வாசித்தது குறைவு, வீட்டு விறாந்தையில்தான் கனக்க.

கம்பனியைப் பற்றிக் கேட்டீர்கள். நீங்கள் சொன்ன ஆட்களையே எடுத்துப் பார்ப்போம். குயீனின் பிரையன் மே வாசிப்பது அவரும் தகப்பனும் 1963இல் வீட்டில் செய்யத் தொடங்கிய கிற்றார். கழுத்துக்குப் பழைய நெருப்பிடத்தின் மரம். விரல் வைத்து அழுத்தும் பிரெட் பலகையில் பதித்த புள்ளிகள் தாயின் தையல் பெட்டியில் இருந்து எடுத்த சிப்பிப் பொத்தான்கள். ஸ்பிரிங் பழைய மோட்டார் சைக்கிளில் இருந்து வந்தது. பிக் என்ற மீட்டும் துண்டுக்குப் பதிலாக ஆறு பென்ஸ் நாணயத்தால் மீட்டுவார். பிளாக் சபாத்தின் டோனி அயோமி 17 வயதில் பேர்மிங்ஹாமில் இரும்புத் தகட்டுத் தொழிற்சாலையில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். அவர் இடது கைக்காரர் என்பதால் கம்பியை அழுத்த வேண்டிய கை அதுதான். பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரலுறை செய்து, தோல் ஒட்டி, மெல்லிய பாஞ்சோக் கம்பியை மாட்டி வாசித்தார். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பாட்டுக் கேட்ட ஊர்க்காரருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. விரல் ஒத்துழைக்குமா என்று நீங்கள் கேட்டதற்கும் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. உறையில் தடிப்பு 9–42 என்று எழுதிய மெல்லிய கம்பி போடுங்கள். முதல் சில கிழமை நுனி எரியும், பிறகு காய்த்துப் போகும்.

ஆகவே கிற்றாரின் தலையில் உள்ள பெயருக்குக் காசு கொடுக்காதீர்கள், கழுத்துக்குக் கொடுங்கள். கடையில் எடுத்தவுடன் தச்சர் பலகையின் விளிம்பைப் பார்ப்பது போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு தலைப் பக்கத்தில் இருந்து கழுத்து நீளத்துக்கும் பாருங்கள். சற்று வளைந்திருந்தால் பரவாயில்லை. கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ரொட் என்ற இரும்புக் கம்பியைத் திருகி அதைச் சரிக்கட்டலாம். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். ஆனால் முறுகியிருந்தால், அதாவது ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் தாழ்ந்திருந்தால், வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அதை அந்த ரொட்டால் எடுக்க முடியாது.

அடுத்து, தடித்த கம்பியை முதல் பிரெட்டிலும் (பிரெட் என்பது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கீற்று) கழுத்து உடலோடு சேரும் இடத்திலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். ஏழாவது பிரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்ட் புகும் அளவு இடைவெளி தெரிந்தால் போதும். ஒவ்வொரு கம்பியையும் எல்லாப் பிரெட்டிலும் ஒரு தரம் வாசியுங்கள். எங்காவது 'ஸ்ஸ்' என்று இரைகிறதா, ஒலி உடனே செத்துப் போகிறதா என்று கேளுங்கள். கழுத்தின் ஓரத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். மரம் காய்ந்து சுருங்கினால் பிரெட்டின் உலோக நுனி வெளியே தள்ளி விரலைக் கீறும். சோளகம் வீசும் மாதங்களில் நம் வீடுகளில் இது நடக்கும், மாரியில் மரம் திரும்ப ஈரம் குடிக்கும். கடைசியாக அம்பில் மாட்டி எல்லாக் குமிழ்களையும் திருகுங்கள். கரகரத்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. 2011இல் இரவு பஸ் ஏறிக் கொழும்புக்குப் போய், கண்ணாடிக்குள் தொங்கிய ஒரு சிவப்புக் கிற்றாரின் நிறத்தில் மயங்கி வாங்கி வந்தேன். வீட்டில் அவிழ்த்துப் பார்த்தால் கழுத்து முறுக்கு. திருப்பிக் கொண்டு போனேன். விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்றார்கள். என்னிடம் பில்லும் இல்லை. அந்த மாதச் சம்பளத்தில் பாதி அதில் போனது. பில் கேளுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுத் தர வேண்டும். முறைப்பாட்டை வாங்கிய நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977.

எதை வாங்குவது? உங்கள் ரசனைக்கு யமஹா பசிஃபிக்கா 112 போன்ற ஒன்றைச் சொல்வேன். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்-அப் அதில் மூன்று. கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பாலத்துக்குப் பக்கத்தில் இரண்டு சுருள் கொண்ட ஹம்பக்கர், மற்ற இரண்டும் ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் கொயில். அயோமியின் கனத்துக்கும் ஹென்ட்ரிக்ஸின் தெளிவுக்கும் ஒரே கிற்றாரில் கிட்டப் போகலாம். சிங்கிள் கொயில் வீட்டு மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் இரைச்சலையும் சேர்த்துப் பிடிக்கும். எர்த் சரியில்லாத பழைய வீடுகளில் இன்னும் மோசம். ஹம்பக்கரில் எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருள்கள் அந்த இரைச்சலை ஒன்றையொன்று அழிக்கும். கிப்சனில் வேலை செய்த செத் லவர் 1955இல் செய்த வேலை அது. ஃபெண்டரின் மலிவு வகையான ஸ்குவையர், கிப்சனின் மலிவு வகையான எபிஃபோன் இரண்டும் நல்லவைதான். எபிஃபோனின் லெஸ் போல் வகையில் கம்பி நீளம் 24.75 அங்குலம், ஸ்குவையரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையில் 25.5 அங்குலம். நீளம் குறைந்ததில் இழுவையும் சற்றுக் குறைவு. விரல் நொந்தால் அதை யோசியுங்கள். ஒரு லட்சத்தைக் கிற்றாருக்கு வையுங்கள், மிச்சத்தை அம்புக்கு. நாம் மயங்கிய அந்த உறுமல் பாதிக்கு மேல் அம்பில் இருந்து வருவது. அதை மறந்து முழுக் காசையும் கிற்றாரில் கொட்டியவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

மச்சானின் அம்பை நான் வாங்கமாட்டேன். கனடாவில் 120 வோல்ற், நமக்கு 230. ரான்ஸ்போமர் இல்லாமல் மாட்டினால் அன்றோடு முடிந்தது. நல்ல ஸ்டெப்-டவுன் ரான்ஸ்போமர் பாரமானது, விலையும் உண்டு. அம்பை அங்கேயே விற்றுவிட்டுக் கம்பிக் கட்டுகளும் ஒரு நல்ல கேபிளும் அனுப்பச் சொல்லுங்கள். கிற்றார் அனுப்பினால் தாராளமாக வாங்குங்கள், அதற்கு வோல்ற் பிரச்சினை இல்லை. லண்டனில் இருந்து வரும் அம்ப் என்றால் அப்படியே மாட்டலாம்.

கேள்வி: தேவாலயத்தில் சாதாரண கிற்றார் வாசிக்கிறேன். இணையத்தில் ஒருவர் கிப்சன் லெஸ் போலை அரைவாசி விலைக்கும் குறைவாகத் தருகிறார். முற்பணம் கேட்கிறார். அனுப்பலாமா?
– குருநகர் மாணவர்

பதில்: வேண்டாம் தம்பி. லெஸ் போலின் வடிவத்தையும் தலையில் உள்ள எழுத்தையும் அப்படியே பிரதி எடுத்த கிற்றார்கள் உலகம் முழுக்கச் சுற்றுகின்றன. தலையின் பின்பக்கத் தொடர் இலக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தயங்கினால் அதுவே பதில். அனுப்பினாலும் நேரில் போய், மேலே சொன்னபடி பார்த்து, கையில் வாங்கிய பிறகுதான் காசு. நீங்கள் இப்போது வாசிக்கும் கிற்றாரின் வெண்கலக் கம்பிகளை எலெக்ட்ரிக்கில் போடவும் வேண்டாம். பிக்-அப் காந்தத்தால் வேலை செய்வது. வெண்கலச் சுற்று அதற்குச் சரியாகப் பிடிபடாது.

கேள்வி: கடலுக்குக் கிட்ட வீடு. புதுக் கம்பி இரண்டு கிழமையில் துருப்பிடிக்கிறது. மலிவுக் கம்பி என்பதாலா?
– பருத்தித்துறை வாசகி

பதில்: மலிவும் ஒரு காரணம், உப்புக் காற்றும் கை வியர்வையும்தான் முக்கிய காரணம். வாசிக்க முன் கையைக் கழுவுங்கள். வாசித்து முடிந்ததும் பழைய சாரத் துண்டால் ஒவ்வொரு கம்பியையும் கிள்ளிப் பிடித்து மேலிருந்து கீழாக இழுத்துத் துடையுங்கள். கம்பியின் அடிப்பக்கத்தையும் விடாதீர்கள், துரு அங்கேதான் தொடங்கும். சுவரில் தொங்கவிடாமல் பெட்டிக்குள் வையுங்கள். புதுச் சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இரண்டை உள்ளே போடுங்கள். பூச்சுப் பூசிய கம்பி விலை கூடுதல்தான், ஆனால் உங்கள் வீட்டுக்கு அதுதான் மலிவு. கம்பி வாங்கக் கடைக்குப் போனால் உறையை விரலால் தடவிப் பாருங்கள். உறை பிரிந்தோ ஈரம் பட்டு உப்பியோ இருந்தால் வேறொன்று எடுத்துத் தரச் சொல்லுங்கள்.