மூன்று மாத லீக்கும் ஒரு ராத்திரி ஃபைனலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2024-ல் நார்த் கரோலினா ஸ்டேட் அணி ஏ.சி.சி. என்ற அமெரிக்கக் கல்லூரி லீக்கின் சீசன் முடிவில் நடக்கும் கூடைப்பந்து டோர்னமென்ட்டை வென்றதைக் கொண்டாடி எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. லீக்கில் 20 ஆட்டத்தில் 11 தோற்ற அணி, ஐந்து நாள் நன்றாக ஆடிவிட்டால் சாம்பியனா? சின்ன லீக்குகளில் இன்னும் மோசம், சீசன் முழுக்க ஜெயித்தவர்கள் ஒரு ஆட்டம் தோற்றதும் மூட்டை கட்ட வேண்டியதுதான். இந்த டோர்னமென்ட்டையே எடுத்துவிட்டால் என்ன?

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. ஆனால் அதை டோர்னமென்ட் மேல் காட்டக் கூடாது என்று நினைக்கிறேன்.

நீங்கள் சொன்ன அநியாயத்துக்கு மிகப் பெரிய சாட்சி 1974 மார்ச், கிரீன்ஸ்பரோ. ஏ.சி.சி. ஃபைனலில் நார்த் கரோலினா ஸ்டேட்டும் மேரிலாந்தும். தேசத் தரவரிசையில் ஒன்று முதலிடம், மற்றது நான்காமிடம். அன்றைக்கு என்.சி.ஏ.ஏ. என்ற தேசியப் போட்டிக்கு ஒரு லீக்கிலிருந்து ஒரே அணிதான் போகலாம். ஓவர்டைம் வரை போய் 103-100 என்று ஸ்டேட் ஜெயித்தது. ஸ்டேட்டின் டாம் பர்ல்சன் 38 புள்ளி. லீக்கின் அந்த வருடத்துச் சிறந்த ஐவர் பட்டியலில் அவருக்குக் கிடைக்காத சென்டர் இடம் மேரிலாந்தின் லென் எல்மோருக்குப் போயிருந்தது, அதே எல்மோர் எதிரில் நிற்க அடித்தது அந்த 38. தோற்ற பிறகு மேரிலாந்து கோச் லெஃப்டி டிரிசெல் ஸ்டேட் அணியின் பஸ்ஸில் ஏறி அந்தப் பையன்களை வாழ்த்திவிட்டுப் போனார். அவருடைய சீசன் முடிந்துபோன அதே ராத்திரியில். இரண்டு வாரம் கழித்து, அதே கிரீன்ஸ்பரோ அரங்கில், ஏழு வருடம் தொடர்ந்து பட்டம் வென்றிருந்த யு.சி.எல்.ஏ.வை செமி ஃபைனலில் சாய்த்து ஸ்டேட் தேசிய சாம்பியன் ஆனது. யோசித்துப் பாருங்கள், லீக்கில் அந்த வருடம் ஒரு ஆட்டம்கூடத் தோற்காத அணி அது. ஓவர்டைமில் இரண்டு கூடை அந்தப் பக்கம் விழுந்திருந்தால் அவர்கள்தான் வெளியே.

அப்புறம் என்ன மாற்றினார்கள்? டோர்னமென்ட்டை யாரும் தொடவில்லை. 1975-ல் என்.சி.ஏ.ஏ. 25 அணியை 32 ஆக்கி, ஒரு லீக்கிலிருந்து ஒன்றுக்கு மேல் வரலாம் என்று வாசலை அகலமாக்கினார்கள். ஃபைனலில் தோற்றாலும் போக இடம் இருக்கிறது என்று ஆனதும், பெரிய லீக்குகளுக்கு அந்தக் கொடுமை போய்விட்டது. 2024-லேயே பாருங்கள், ஏ.சி.சி. ஃபைனலில் ஸ்டேட்டிடம் தோற்ற நார்த் கரோலினாவுக்கு (இது வேறு பல்கலைக்கழகம்) என்ன நஷ்டம்? அணிகளை நான்கு பிரிவாக்கி, ஒவ்வொன்றிலும் தரப்படி ஒன்றிலிருந்து பதினாறு வரை அடுக்கும் என்.சி.ஏ.ஏ.வில், மறுநாள் ஒரு பிரிவின் முதலிடமே அவர்களுக்குக் கிடைத்தது. லீக்கில் முதலிடம் பிடித்ததற்கான கூலி முழுசாக வந்து சேர்ந்தது. ஸ்டேட்டுக்கோ அந்த ஐந்து நாளைத் தவிர வேறு வழியே கிடையாது. செமி ஃபைனலில் மூன்று புள்ளி பின்தங்கி, ஐந்து நொடிதான் பாக்கி, வர்ஜீனியா பையன் ஃப்ரீ த்ரோவைத் தவறவிட, ஸ்டேட்டின் மைக்கேல் ஓ'கானல் பந்தை ஓட்டிக்கொண்டு வந்து மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிகிறார், அது போர்டில் பட்டு வளையத்தில் தட்டி உள்ளே இறங்குகிறது. ஓவர்டைம். அந்த ஒரு பந்து வெளியே போயிருந்தால் அவர்கள் அப்புறம் ஃபைனல் ஃபோர், அதாவது தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணி வரை போன கதையே கிடையாது. அதை நான் கொண்டாடினேன், இப்போதும் கொண்டாடுகிறேன்.

சின்ன லீக் விஷயம் வேறு. அங்கே நீங்கள் சொல்வது அப்படியே சரி. 2018, அமெரிக்கா ஈஸ்ட் என்ற சின்ன லீக்கின் ஃபைனல், வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் சொந்த ஜிம், மூவாயிரம் சொச்சம் பேர்தான் கொள்ளும். வெர்மான்ட் லீக்கில் 15 ஜெயித்து ஒன்று தோற்ற அணி. ஸ்கோர் 62-62. எதிரணியான யு.எம்.பி.சி.யின் ஜைரஸ் லைல்ஸ் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நொடிகளைக் கரையவிட்டு, ஒரு நொடிகூட மிச்சமில்லாத நேரத்தில் மூன்று புள்ளி போட்டார். வெர்மான்டுக்கு மூன்று மாத உழைப்பு அங்கேயே முடிந்தது, ஏனென்றால் அந்த லீக்குக்கு ஒரே சீட்டு. 2025-ல் என்.சி.ஏ.ஏ.வில் மொத்தம் 68 இடம். 31 லீக் சாம்பியன்களுக்குப் போக மீதி 37-ஐ ஒரு கமிட்டி பங்கு போடுகிறது. அந்த வருடம் எஸ்.இ.சி. என்ற ஒரே லீக்கின் 16 அணியில் 14 உள்ளே போயின. அந்தப் பதினான்காவது அணிக்கு இருக்கும் இடம் வெர்மான்ட் மாதிரி லீக்கில் முதலாவது வந்தவனுக்கு ஏன் இல்லை? என் கோபம் இந்தப் பங்கீட்டின் மேல்தான். லீக்கில் முதலிடம் பிடித்தவனுக்கும் ஒரு இடம் எழுதிக் கொடுத்துவிட்டு டோர்னமென்ட்டை நடத்துங்கள் என்பேன்.

டோர்னமென்ட்டையே எடுத்துவிட்டால் அன்றைக்கு யு.எம்.பி.சி. என்.சி.ஏ.ஏ.வுக்கு வந்திருக்காது. வந்த அணி ஆறே நாளில், ஏ.சி.சி. டோர்னமென்ட்டை ஜெயித்துவிட்டு வந்த வர்ஜீனியாவை 74-54 என்று அடித்தது. பதினாறாம் இடத்து ஆண்கள் அணி ஒன்று முதலிடத்து அணியை வென்றது அதுதான் முதல் தடவை, அதற்கு முன் 135 பேர் முயன்று தோற்றிருந்தார்கள். லைல்ஸ் 28 புள்ளி.

வெர்மான்டும் சும்மா இருக்கவில்லை. அடுத்த வருடம் அதே ஜிம், அதே ஃபைனல், எதிரில் அதே யு.எம்.பி.சி. 66-49.

அன்புடன்.