சொத்து மதிப்பீட்டாளர் என்ன வேலை செய்கிறார்?

ஒரு வீடோ நிலமோ இன்றைய சந்தையில் என்ன விலைக்குப் போகும் என்று, யார் பக்கமும் சாயாமல், காரணத்தோடு எழுதிக் கொடுப்பவர்தான் சொத்து மதிப்பீட்டாளர். விற்பவருக்கு விலை கூட வேண்டும், வாங்குபவருக்குக் குறைய வேண்டும், கடன் தரும் வங்கிக்கோ பணம் திரும்பி வராவிட்டால் அந்தச் சொத்தை விற்று எவ்வளவு மீட்கலாம் என்று தெரிந்தாக வேண்டும். அதனால்தான் மூன்றாவது ஆள். பழைய பைக் வாங்கும்போது அதே மாடல் வேறு வண்டி என்ன விலைக்குப் போனது என்று விசாரித்து, டயர் தேய்ந்திருந்தால் குறைப்போம் இல்லையா, அதே கணக்குதான். ஒப்பிட விற்பனையே இல்லையென்றால், கிடைக்கும் வாடகையை வைத்துப் பார்ப்பார்கள், அல்லது கட்டடத்தைத் திரும்பக் கட்டும் செலவில் தேய்மானம் கழித்து நிலத்தின் விலையைச் சேர்ப்பார்கள். நேரில் போய் அளந்து, சுவர் விரிசல்வரை பார்க்கும் வேலை இது, எனக்குப் பிடித்ததும் அதுதான். அப்புறம், மதிப்பீட்டாளர்தான் விலையை முடிவு செய்கிறார் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் சொல்வது கணிப்பு, விலை பேரத்தில்தான் முடிவாகும்.